மேசைக்கணினி நாட்காட்டிச் செயலிகளில் தமிழ் நாள்கணக்கு

தண்டர்பேர்ட், அவுட்லுக், கே-ஆர்கனைசர் போன்ற மேசைக்கணினிச் செயலிகளில் சந்திப்புகளையும் செய்ய வேண்டிய வேலைகளையும் ஒருசேரக் குறித்து வைக்கலாம். ஆனால் திதியும் நட்சத்திரமும் தமிழ் மாதமும் பார்த்து நாள் குறிப்பவருக்கு இவை பாதி வழிதான் துணை வருகின்றன.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டியுள்ள குயிலாப்பாளையத்தில் ஆங்கில, தமிழ் நாள்கணக்குகள் இரண்டும் புழங்குகின்றன. ஆரோவில் தொடங்கப்பட்ட நாள் 1968 பிப்ரவரி 28. அதன் ஆண்டு நிறைவைச் செயலியில் ஒருமுறை பதிந்தால் போதும். வருடம் தவறாமல் வந்துவிடும். அதே மாவட்டத்தில், மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைதோறும் இரவில் ஊஞ்சல் உற்சவம் நடக்கிறது. அதற்கு வண்டி பேசி வைக்க நினைப்பவர் செயலியைத் திறந்தால், ‘மாதந்தோறும் 15ஆம் தேதி’, ‘மாதத்தின் இரண்டாம் செவ்வாய்’ என்ற தெரிவுகள் இருக்கும், ‘அமாவாசைதோறும்’ இருக்காது.

காரணம் அடித்தளத்தில் இருக்கிறது. இச்செயலிகள் தமக்குள் தகவல் பரிமாறப் பயன்படுத்தும் ஐகேலண்டர் தரம் 1998இல் வெளியாகி 2009இல் திருத்தப்பட்டது. அதன் மீள்நிகழ்வு விதிகள் ஆங்கில நாட்காட்டியை மட்டுமே அறிந்தவை. 2015இல் வந்த ஆர்.எஃப்.சி. 7529 என்ற தர ஆவணம் பிற நாட்காட்டிகளுக்கும் வழி திறந்தது. சீனப் புத்தாண்டை இப்போது ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஆவணம் நாட்காட்டிகளின் பெயர்களை யூனிகோடின் சி.எல்.டி.ஆர். தொகுப்பிலிருந்து எடுக்கிறது. அங்கே இந்தியாவின் பெயரில் இருப்பது 1957இல் அரசு ஏற்ற சக நாட்காட்டி. வீட்டு விசேஷத்துக்கு நாள் பார்க்க யாரும் அதைப் புரட்டுவதில்லை. கோடிக்கணக்கானோர் அன்றாடம் பார்க்கும் கணக்குக்கு அங்கே இடமில்லாதது பெருங்குறை.

தமிழ் மாதம் 29 முதல் 32 நாள் வரை நீளும். சூரியன் மறைவதற்குள் சங்கராந்தி (ராசி மாற்றம்) நேர்ந்தால் அன்றே மாதப்பிறப்பு, பிந்தினால் மறுநாள். திதி சுமார் 19 முதல் 26 மணி நேரம் இருக்கும். பிற்பகலில் தொடங்கும் அமாவாசை மறுநாளும் நீடிக்கும். செயலியின் ‘முழுநாள் நிகழ்வு’ நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஓடுவது. பஞ்சாங்க நாளோ சூரிய உதயத்தில் தொடங்குவது. ஊஞ்சல் உற்சவம் நள்ளிரவைத் தாண்டினால் ஒரே இரவின் நிகழ்வு திரையில் இரண்டு தேதிகளில் சிதறிக் கிடக்கும்.

இதற்கு மாற்றாக, ஆண்டு முழுவதற்குமான விசேஷ நாட்களைக் கோப்பாக இறக்கிச் சேர்ப்பது உண்டு. அதிலும் சிக்கல் வரும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி நேரம் சில மணிகள் வேறுபடலாம். கோப்பு எதைப் பின்பற்றியது என்று செயலி காட்டுவதில்லை. கோயில் ஒன்றைப் பின்பற்ற, கணினி வேறொன்றைச் சொல்லும். ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாளக் குறி மாறியிருந்தால், திருத்திய கோப்பை மீண்டும் சேர்க்கும்போது பழையவை அழியாமல் இரட்டிப்பாகும்.

வேலைப்பட்டியலின் நிலை இன்னும் மோசம். ‘கிருத்திகைக்கு முந்தின நாள் பூ சொல்ல வேண்டும்’ என்ற வேலையை அந்த விசேஷத்தோடு கட்டி வைக்க முடிவதில்லை. தேதியாக மாற்றித்தான் பதிய வேண்டியிருக்கிறது. கிருத்திகைக்கு மயிலம் முருகன் கோயிலுக்குப் போகும் நாளைத் திருத்தினாலும் பூ சொல்லும் வேலை பழைய தேதியிலேயே நின்றுவிடும். அதையும் தனியாகத் திருத்த வேண்டும்.