எச்.ஐ.வி. குருதிப் பரிசோதனை: குறைந்துவந்த நாட்கள்

1985 மார்ச் 2ஆம் திகதி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அபொட் நிறுவனத்தின் எலைசா பரிசோதனைக்கு அனுமதி வழங்கியது. தானமாகப் பெறப்பட்ட குருதியில் எச்.ஐ.வி. தொற்றினைத் தேட அங்கு அனுமதி பெற்ற முதலாவது பரிசோதனை அது. பத்திரிகைகள் அதனை ‘எயிட்ஸ் பரிசோதனை’ என்றே எழுதி வந்துள்ளன. நானும் அவ்வாறு தலைப்பிட்டவன்தான். உண்மையில் அது நோயையோ வைரசையோ காட்டவில்லை. வைரசை எதிர்க்க உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகளையே காட்டியது. அவை போதிய அளவில் உருவாகும்வரை, தொற்றுக்குள்ளானவரின் குருதியும் தூய்மையானதாகவே தோன்றும். இவ்விடைவெளியைச் சாளர காலம் என்பர்.

முதற் பரிசோதனையில் அது ஆறு, எட்டு வாரங்களாகவோ அதற்கு மேலாகவோ இருந்தது. வேறொரு தொல்லையும் உண்டு. வைரசை மனித உயிரணுக்களில் வளர்த்து, உடைத்தெடுத்துப் பயன்படுத்தியதால், அவ்வுயிரணுக்களின் எச்சங்களும் அதனுடன் கலந்திருந்தன. பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் சிலரின் குருதி அந்த எச்சங்களுடன் தாக்கமுற்று, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டியது. எனவே வெஸ்டேர்ன் புளொட் என்னும் இன்னொரு பரிசோதனையால் முடிவை உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

இத்தனை குறைகள் இருந்தும், அதனைப் பயன்படுத்தாது கழிந்த ஒவ்வொரு நாளும் ஆபத்தானதே. பிரான்சைப் பாருங்கள். 1983இல் அந்த வைரசைக் கண்டறிந்தவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் லுக் மொன்தனியேயும் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் அவர்களது குழுவினருமே. ஆயினும் 1985 பெப்ரவரியில் விண்ணப்பித்த அபொட் நிறுவனத்துக்கு அங்கு ஜூலை 24 வரை அனுமதி கிடைக்கவில்லை. பாஸ்டர் தரப்பின் பரிசோதனை ஜூன் 21ஆம் திகதியே அனுமதி பெற்றுவிட்டது. உள்நாட்டு உற்பத்திக்குச் சந்தையைக் காத்துக்கொடுக்கவே இத்தாமதம் என்ற குற்றச்சாட்டு 1999இல் நீதிமன்றம்வரை சென்றது. 1985இல் பிரதமராயிருந்த லோரன் ஃபாபியுசும் அமைச்சர் ஜோர்ஜினா துஃபுவாவும் விடுவிக்கப்பட்டனர். சுகாதாரத்துக்குப் பொறுப்பாயிருந்த எட்மொண்ட் ஏர்வே குற்றவாளியாகக் காணப்பட்டும் தண்டனை விதிக்கப்படவில்லை. குருதி ஏற்றப்பட்டுத் தொற்றுக்குள்ளானவர்களுக்கு அத்தீர்ப்பு எவ்வளவு கசந்திருக்கும்!

ஆய்வுகூடங்களிலோ வேலை நிற்கவில்லை. இரண்டாம் தலைமுறையில், முழு வைரசுக்குப் பதிலாகச் செயற்கையாகத் தயாரித்த வைரசுப் புரதங்கள் பயன்பட்டன. பொய்யான முடிவுகள் குறைந்தன. மூன்றாம் தலைமுறை, உடல் முதன்முதலில் உருவாக்கும் ஐ.ஜி.எம். வகைப் பிறபொருளெதிரிகளையும் பிடித்தது. சாளர காலம் ஏறத்தாழ 22 நாட்களாகச் சுருங்கியது. அதற்கப்பால் பிறபொருளெதிரியை மட்டும் நம்பி முன்னேற வழியில்லை, உடல் அதனை உருவாக்கினால்தானே காணலாம்? ஆகவே நான்காம் தலைமுறையில் வைரசின் பி24 புரதத்தையும் சேர்த்துத் தேடினர். 1999இல் அமெரிக்கக் குருதி வங்கிகள் வைரசின் மரபணுவையே தேடத் தொடங்கியபோது, இடைவெளி சுமார் 11 நாட்களாயிற்று.

குருதி கொடுக்க வருபவரிடம் அண்மைக்கால நடத்தைபற்றிய கேள்விப் பத்திரம் இன்றும் நீட்டப்படுவது, எஞ்சியிருக்கும் அந்த நாட்களுக்காகவும்தான்.