நாடி பார்த்த விரல்களும் நாடி எண்ணும் கடிகாரமும்

வானகரத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் அரும்பாக்கம் வரும். அங்கே அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் 1979ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. 'நப்ளு' எனப்படும் நாடி பற்றிய பாடம் அக்கல்வியின் அடிப்படைகளுள் ஒன்று. சாலையின் இக்கோடியில், சுபுஹு தொழுதுவிட்டு வானகரத்துத் தெருக்களில் நடைப்பயிற்சிக்குப் புறப்படுவோரில் பலர் இன்று 'ஸ்மார்ட் வாட்ச்' அணிந்திருக்கின்றனர். அக்கடிகாரம் அவர்களின் நாடியை ஓயாது எண்ணுகிறது. நடந்த அடிகளைக் கூட்டுகிறது. எரிந்த கலோரி இவ்வளவு என்று தீர்ப்பும் வழங்குகிறது. மணிக்கட்டு ஒன்றே. விரல் வைத்தவர் அங்கே எதைத் தேடினார், கடிகாரம் எதைத் தேடுகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

உடலில் நாடி துடிக்கும் இடங்கள் பல இருக்க, மணிக்கட்டைத் தேர்ந்தது ஏன்? இப்னு சீனா (980-1037, ஹிஜ்ரி 370-428) தம் 'அல் கானூன் ஃபித் திப்' எனும் பெருநூலில் இதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார். அதனை எளிதில் தொடலாம். அதைத் திறந்து காட்ட நோயாளி கூச்சப்பட வேண்டியதில்லை. அது இதயத்திற்கு நேராகவும் அண்மையிலும் அமைந்திருக்கிறது. நடுவில் உள்ள காரணத்தை நாம் வியந்து படித்தோம். நோயாளியின் நாணத்தையும் மருத்துவக் காரணங்களோடு ஒன்றாக வைத்து எண்ணிய மருத்துவர் அவர்!

நாடியில் அவர் ஆராயச் சொன்னவை பத்து. அது எவ்வளவு விரிகிறது, எவ்வளவு வலுவாக இடிக்கிறது, எவ்வளவு விரைவாக அசைகிறது, இரண்டு துடிப்புகளுக்கிடையே எவ்வளவு ஓய்கிறது, குழாய் மென்மையா கடினமா, நிறைந்திருக்கிறதா வெறுமையா, தொட்டால் சூடா குளிரா, துடிப்புகள் தம்முள் ஒத்தனவா வேறுபட்டனவா, வேறுபட்டால் அவ்வேறுபாட்டிலாவது ஓர் ஒழுங்குண்டா, இறுதியாக அதன் தாளம் யாது. நாடிக்கு இசையின் இயல்பு உண்டு என்பதும் அவர் கருத்து. சிறப்பான நாடிகளுக்கு முன்னோர் இட்ட பெயர்களோ கவிஞரின் கற்பனைக்கு ஈடானவை. மான்போல் துள்ளுவது 'கஸாலீ'. (இமாம் கஸ்ஸாலி அவர்களின் பெயரோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா; கஸால் என்றால் மான்.) அலைபோல் வருவது 'மவ்ஜீ', ரம்பப் பல்போல் உரசுவது 'மின்ஷாரீ', வரவரச் சிறுத்துப்போவது எலிவால், புழுவாய் நெளிவது 'தூதீ', எறும்பாய் ஊர்வது 'நம்லீ'. 'நம்லு' எனும் சொல் குர்ஆன் ஓதுவோர் அனைவரும் அறிந்ததே.

நம் தமிழ்ச் சித்தர்களும் இவ்வழியே சென்றனர். வாத நாடி அன்னம், கோழி, மயில் போல நடக்கும் என்றும், பித்தம் ஆமை, அட்டை போலவும், ஐயம் பாம்பு, தவளை போலவும் நடக்கும் என்றும் சித்த மருத்துவம் கூறும். வடமொழி ஆயுர்வேதத்தில் இவ்வுவமைகள் இடம் மாறிவிடுகின்றன. அங்கே வாதத்திற்குப் பாம்பும் ஐயத்திற்கு அன்னமும் வரும். இராமதேவர் எனும் சித்தர் மக்கா சென்று யாகோபு என்ற பெயர் பெற்றார் என்பது செவிவழிச் செய்தி. அதனை வரலாறாகக் கொள்ள நாம் துணியமாட்டோம். எனினும் இரு மருத்துவங்களும் ஒரே மண்ணில் கைகோத்து வாழ்ந்ததன் எதிரொலி அதில் கேட்கிறது.

உடற்பயிற்சிக்கு வருவோம். நாடி எண்ணும் கடிகாரம் அணிந்தோர் அவசியம் அறியவேண்டிய பகுதி கானூனின் முதற்புத்தகத்தில் இருக்கிறது. பயிற்சியின் தொடக்கத்திலும், அது அளவோடு இருக்கும்வரையிலும் நாடி பெரிதாகவும் வலிமையாகவும் ஓடும். அளவு மீறினால் வலிமை குன்றிச் சிறுத்து விரையும். மேலும் வருத்தினால் புழுவாகி, எறும்பாகும். அதாவது, விரைவு மட்டும் ஒன்றும் சொல்லாது; வலிமையோடு கூடிய விரைவா, வலிமை இழந்த விரைவா என்பதே கேள்வி. பயிற்சியை எப்போது நிறுத்துவது? முகத்தின் நிறம் பொலிவு பெற்று, அசைவுகள் இலகுவாய் இருக்கும்வரை தொடரலாம். அவை தளரத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் விதி. இந்நூல் 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் ஜெரார்டு என்பவரால் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவக் கல்லூரிகளில் பல நூற்றாண்டு பாடமாக இருந்தது. 1593இல் ரோம் நகரில் அரபு மூலமே அச்சேறியது.

ஆனால் பத்தையும் ஆராய்ந்த அவர், நிமிடத்திற்கு இத்தனை என்று எண்ணவில்லை. கையில் பிடித்து நொடி பார்க்கும் கருவி அக்காலத்தில் இல்லை. அலெக்சாந்திரியாவின் ஹெரோஃபிலஸ் நீர்க்கடிகாரம் கொண்டு நாடியை அளந்தார் என்பர். அது வழக்காக நிலைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் சாந்தோரியோ ஊசற்குண்டின் கயிற்றை நீட்டிக் குறுக்கி நாடியோடு ஒத்துப் பார்த்தார். 1707இல் ஆங்கில மருத்துவர் ஜான் ஃபுளோயர், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரமொன்றைச் செய்வித்து நூலும் எழுதினார். அன்றுதான் நாடி ஓர் எண்ணாகத் தொடங்கியது. பத்தில் ஒன்பது மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

அதன்பின் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். நெதர்லாந்தின் ஐந்தோவன் 1901ஐ ஒட்டி அமைத்த ஈ.சி.ஜி. கருவி சுமார் 270 கிலோ எடையுள்ளது. அதனை இயக்க ஐவர் வேண்டும். நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்திருக்க வேண்டும். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகப் பேராசிரியர் செப்போ சைனாயாகங்காஸ், பனிச்சறுக்கு வீரர்கள் ஓடும்போதே நாடி அறிய வழி தேடி, 1977இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். மார்பில் பட்டை, மணிக்கட்டில் கடிகாரம், இடையே கம்பி இல்லை எனும் கருவி 1982இல் விற்பனைக்கு வந்தது. 2015இல் ஆப்பிள் கடிகாரம் வந்தபின் இது வீட்டுப் பொருளாயிற்று. தமிழக அரசின் டிட்கோவும் டாட்டாவும் கூடி 1984இல் நிறுவிய, ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டைட்டானும் இன்று இவ்வகைக் கடிகாரம் விற்கிறது.

கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை ஒளியைப் பலர் கண்டிருப்பர். குருதி பச்சை ஒளியை விழுங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலடி நுண்குழாய்களில் குருதி மிகும்போது திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கருவி எண்ணுகிறது. ஹக்கீமின் விரல் மணிக்கட்டின் உட்புறத்தில் நாடியைத் தொட்டது. கடிகாரமோ வெளிப்புறத்தில் அமர்ந்து, நாடியைத் தொடாமலே நாடி சொல்கிறது! கை ஆடினாலும் பட்டை தளர்ந்தாலும் கணக்குத் தடுமாறுவது இதனால்தான்.

கணக்கு எவ்வளவு சரி? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆறு கருவிகள் நாடியை ஐந்து விழுக்காட்டுப் பிழைக்குள் சொல்லின. கலோரிக் கணக்கிலோ மிகச் சிறந்த கருவிக்கே சராசரியாக 27 விழுக்காடு பிழை. மிக மோசமானதற்கு 93. எனவே, 'முந்நூறு கலோரி எரித்துவிட்டேன்' என்று பிரியாணித் தட்டின்முன் அமர்வோர் சற்றே நிதானிப்பது நலம். கறுத்த தோலில் பிழை மிகும் என்றும் அவ்வாய்வு கூறிற்று. 2020இல் ட்யூக் பல்கலைக்கழக ஆய்வு தோல்நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்றது. அசைவில் பிழை மிகும் என்பதை அதுவும் உறுதிப்படுத்தியது.

'220இலிருந்து வயதைக் கழி' எனும் வாய்பாடு 1970ஐ ஒட்டிப் பரவியது. 55 வயதினருக்கு உச்சநாடி 165 என்று அது சொல்லும். 2001இல் தனாகா குழுவினர் தந்த வாய்பாட்டின்படி அதே வயதுக்கு 169 அல்லது 170. இவை சராசரிகளே, ஒருவருக்கொருவர் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக் குறைய இருப்பது இயல்பு. இரத்த அழுத்தத்திற்கு அட்டெனலால் போன்ற மாத்திரை உண்போரின் நாடியை அம்மருந்தே அடக்கி வைத்திருக்கும். கடிகாரம் குறித்த எண்ணை எட்டவில்லையே என்று அவர்கள் மேலும் மேலும் ஓடுவது பெருந்தீங்கு. அதனினும் கொடிது மற்றொன்று. நெஞ்சு இறுகி வியர்த்துக் கொட்டும்போது, 'கடிகாரம் 78தானே காட்டுகிறது' என்று வீட்டில் படுத்திருப்பது. மாரடைப்பைக் கண்டறிய இக்கடிகாரங்களால் இயலாது. நாடி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு நிகழலாம். அப்போது பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல. அழைக்க வேண்டியது 108ஐ.

இக்கருவிகளை நாம் பழிப்பதாக எவரும் கொள்ள வேண்டா. பத்தில் ஒன்றை மட்டும் எண்ணிவந்த அவை, அண்மையில் இன்னொன்றையும் கற்றுள்ளன. துடிப்புகள் வேறுபட்டு, அவ்வேறுபாட்டிலும் ஒழுங்கில்லாதிருப்பதை இப்னு சீனா தனி வகையாகப் பிரித்தார் என்று கண்டோம். இன்றைய மருத்துவர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் இதயத் தாளக்கேட்டின் நாடியை அதே சொற்களில்தான் வருணிக்கின்றனர். குருதி உறைந்து பக்கவாதம் வர அது வழிவகுக்கும். 2019இல் வெளியான ஆய்வொன்றில் 4,19,297 பேர் கடிகாரம் அணிந்தனர். அவர்களுள் 0.52 விழுக்காட்டினர்க்கே எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கப்பட்டு, பின்னர் மார்பில் ஈ.சி.ஜி. பட்டை ஒட்டிச் சோதித்தோரில் 34 விழுக்காட்டினர்க்கு அந்நோய் காணப்பட்டது. அத்தகைய எச்சரிக்கை வந்தால் மருத்துவரைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுப்பதே முறை.

நடக்கும்போது உடன் வருவோரிடம் தடையின்றிப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் பயிற்சி மிதமானது என்று இன்றைய மருத்துவர் ஒரு சோதனை சொல்கின்றனர். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடும்பயிற்சி. முகப்பொலிவையும் அசைவின் இலகுவையும் பார்க்கச் சொன்ன கானூனின் விதி இதற்கு வெகுதொலைவில் இல்லை. இதற்கு மின்னேற்றமும் தேவையில்லை.