சுட்டுணர்வு: அறவண அடிகளும் ஹுஸ்ஸர்லும்

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையை நாம் நெடுங்காலம் வகுப்பில் முழுமையாக நடத்தியதில்லை. அளவை, பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்று நீளும் அந்தப் பகுதியை 'வறண்டது' என்று சொல்லிக் கடந்துவிடுவது தமிழாசிரியர் பலரின் வழக்கம். நம் வழக்கமும் அதுவே. காரிமங்கலத்து மாணவர் ஒருவர் கேட்ட கேள்விதான் அதை மாற்றியது. அவருடைய தந்தை மாட்டுத் தரகர். "எங்கள் அப்பா சந்தையில் மாட்டைப் பார்த்ததுமே விலையைச் சொல்லிவிடுவார். அவருக்கு முதலில் தெரிவது மாடா, விலையா ஐயா?" என்றார் அவர். அன்று நம்மிடம் விடையில்லை. விடை தேடிய வழியில் எதிர்ப்பட்ட வரலாற்றையே இங்கு எழுதுகிறோம்.

பொருள்கள் நமக்கு எவ்வாறு தோன்றுகின்றன என்பதை ஆராயும் பினாமினாலஜி என்னும் தத்துவ முறையைத் தமிழில் நிகழ்வியல் என்பர். அதை நிறுவியவர் எட்மண்ட் ஹுஸ்ஸர்ல் (1859-1938). உலகம் மெய்யா பொய்யா என்னும் வழக்கைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அது நம் உணர்வில் தோன்றும் விதத்தை உள்ளபடி விவரிக்க வேண்டும் என்றார் அவர். உணர்வு ஒரு வெற்றுக் கலமன்று. அது எப்போதும் ஒன்றைப் பற்றியதாகவே இருக்கிறது என்பது அவர் தம் ஆசிரியர் பிரென்டானோவிடமிருந்து பெற்று வளர்த்த கருத்து.

இங்கே காலம் ஒரு விந்தையைச் செய்திருக்கிறது. ஹுஸ்ஸர்லின் 'தர்க்க ஆய்வுகள்' வெளிவந்தது 1900-1901இல். கார்ல் ஓய்கன் நொய்மன் என்பவர் பாலி மொழியிலிருந்து மஜ்ஜிம நிகாயத்தை ஜெர்மனில் பெயர்த்து வெளியிட்டது 1896-1902 ஆண்டுகளில். உ.வே.சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தது 1898இல். பௌத்த நூல்களின் சொற்களை விளங்கிக்கொள்ள ஐயர் ரங்காசாரியாரின் துணையை நாடிய கதை நாம் அறிந்ததே. ஒருவரை ஒருவர் அறியாமல், ஏறத்தாழ ஒரே பத்தாண்டில், மூவரும் தத்தம் மேசையில் குனிந்திருந்தனர்.

நொய்மனின் மொழிபெயர்ப்பு ஹுஸ்ஸர்லின் கைக்கு வந்தது. 1925இல் அதைப் பற்றி அவர் ஒரு சிறு மதிப்புரை எழுதினார். பௌத்தம் உலகிற்கு அப்பாலுள்ள ஒன்றைத் தேடி ஓடுவதன்று, உணர்வுக்குள்ளேயே திரும்பி நோக்குவது என்பதை அவர் அதில் மனமுவந்து ஏற்றார். பொதுத்தளம் ஒன்று புலப்பட்டுவிட்டதாகவே தோன்றும். ஆனால் பத்தாண்டு கழித்து, 1935 மே மாதம் வியன்னாவில் ஆற்றிய உரையில், தத்துவம் என்பது கிரேக்கத்தில் பிறந்து ஐரோப்பாவுக்கே உரியதாயிற்று என்றார். இந்தியச் சிந்தனையும் சீனச் சிந்தனையும் சமய நோக்கும் நடைமுறை நோக்கும் கொண்டவை, தூய அறிவு நாட்டத்தால் பிறந்தவை அல்ல என்பது அவர் வாதம். யூதராகப் பிறந்த காரணத்தால் ஹிட்லர் ஆட்சி அவரையே பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கி வைத்திருந்த காலம் அது. வெளியே தள்ளப்பட்ட ஒருவர் ஐரோப்பாவுக்கு வேலி கட்டினார் என்பது எண்ணி வருந்தத்தக்கது.

அந்த வேலி நிற்குமா என்று பார்க்க நமக்கு ஜெர்மன் மொழி வேண்டியதில்லை. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைப்பதைப் படித்தால் போதும். குற்றமற்ற அளவைகள் இரண்டே என்கிறார் அவர்: ஒன்று காட்சி, மற்றொன்று கருத்தளவு. காட்சி என்பது சுட்டுணர்வு மட்டுமே. பெயர், சாதி, குணம், செயல் ஆகியவை காட்சியைச் சேர்ந்தவை அல்ல. அவை கருத்தளவின் பால் படுவன. திந்நாகரின் பௌத்த அளவை நூல்களோடு ஒப்பிட்டு அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்துவரும் பகுதி இது. பார்க்கும் செயலைப் பகுத்து, எது வந்தது, எது நாம் சேர்த்தது என்று பிரித்துக் காட்டும் இந்த உழைப்பை அறிவு நாட்டம் என்னாமல் வேறென்ன என்பது?

எனினும் இரண்டும் ஒன்றே என்று மகிழ்ந்துவிடுவதும் பிழை. ஹுஸ்ஸர்லுக்குக் காட்சி என்பது பொருள் புரிதலோடு கூடியே வருவது. முன் கண்டதும் இனிக் காணப்போவதும் அதைச் சூழ்ந்து நிற்கும். அறவண அடிகளுக்கோ பெயர் ஒட்டுவதற்கு முந்தைய கணமே காட்சி. பயனும் வேறு: ஹுஸ்ஸர்ல் அறிவுக்கு உறுதியான அடித்தளம் தேடினார், அடிகளின் அளவைப் பாடம், மணிமேகலை பவத்திறம் அறுக நோற்பதற்கு முன் கடக்க வேண்டிய படி.

வேறுபாட்டை மறைக்காமலே ஒரே மேசையில் இரு மரபையும் வைத்துப் பயின்றவர் கட்டாக்கில் பிறந்த ஜிதேந்திரநாத் மொஹந்தி (1928-2023). கெட்டிங்கனில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1964இல் ஹுஸ்ஸர்லின் பொருள்கோட்பாடு பற்றியும், 1966இல் நவ்ய நியாய ஆசிரியர் கங்கேசரின் உண்மைக் கோட்பாடு பற்றியும் நூல்கள் வெளியிட்டார். காசி இந்து பல்கலைக்கழகத்தின் ஜே.எல்.மேத்தா, ஹுஸ்ஸர்லின் மாணவரான ஹைடெக்கரை ஆழ்ந்து கற்று 1967இல் பெருநூல் எழுதினார். இவர்கள் 'எங்களிடம் எல்லாம் முன்பே உண்டு' என்று பெருமை பேசவில்லை. இரு மரபையும் அதனதன் மொழியில் கற்றார்கள். பொதுத்தளம் என்பது ஒரே விடையில் இல்லை. ஒரே வினாவை இரு மரபும் நேர்மையாகச் சந்திப்பதில் இருக்கிறது.

இப்போது அந்தக் காதையை நாம் விடாமல் நடத்துகிறோம். ஹுஸ்ஸர்ல் நம்மைத் தத்துவத்தின் வெளியே நிறுத்தினார் என்று வருந்துமுன், நம் காப்பியத்தின் தத்துவப் பகுதியை நாமே பாடத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாணவருக்கும் விடை சொன்னோம். மாடும் விலையும் சேர்ந்தே தோன்றுகின்றன, பின்னர்தான் நாம் பிரிக்கிறோம் என்பார் ஹுஸ்ஸர்ல். முதலில் தோன்றுவது விலையுமன்று, 'மாடு' என்ற பெயருமன்று. பெயரிடப்படாத ஒன்று மட்டுமே என்பார் அறவண அடிகள். மாணவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, அடுத்த சந்தைக்கு அப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னார்.