கடனும் வட்டியும் நாணய மதிப்பும்

நாணயத் தாளின் மதிப்பு அதன்மேற் பொறித்த எண்ணினால் அமைவதன்று. அதனை வெளியிட்டோர் சொல்லில் மக்கள் வைக்கும் நம்பிக்கையினால் அமைவது. அந்நம்பிக்கை குலையுமாற்றுக்கு இலங்கை வரலாறே இரு சான்றுகள் தருகின்றது.

முதலாவது 1884ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அக்காலத்தில் இங்கு வழங்கிய தாள்களுட் பெருந்தொகையானவை ஒறியன்ரல் வங்கி வெளியிட்டவை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. தோட்டங்களுக்கு வழங்கிய கடன்கள் முடங்கின. 1884 மே மாதத்தில் வங்கி முறிந்தது. தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என அறிவித்து மக்களச்சத்தைத் தணித்தார். அவ்வாண்டிலேயே தாள் வெளியிடும் பொறுப்பை அரசாங்கம் ஏற்றது. வெளியிடும் தாளுக்கு ஈடாகக் காசும் பிணையங்களும் வைத்தல் சட்டமாயிற்று. 1950இல் மத்திய வங்கி தோன்றியபோது அக்கட்டு நெகிழ்ந்தது.

இரண்டாவது சான்று 2022ஆம் ஆண்டு நெருக்கடி. 2021இல் அரசிறையிற் பத்தில் ஏழு பங்கு வட்டிக்கே சென்றது. எஞ்சிய செலவுக்கு மத்திய வங்கி புதுப்பணம் ஆக்கி உதவியது. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலரின் விலை மே மாதத்தில் 360 ரூபாவளவை எட்டியது. ஏப்பிரில் 8ஆம் நாள் மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 விழுக்காட்டுப் புள்ளி உயர்த்தியது. 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் மீட்டல் நிறுத்தப்பட்டது.

வட்டி உயர்வு நாணயத்துக்கு மருந்து என்பர். கடன் மிகுந்த அரசுக்கோ அம்மருந்தே நஞ்சாதலும் உண்டு. அவ்வாண்டில் மூன்று மாதத் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 விழுக்காட்டைக் கடந்தது. அவ்வட்டியைக் கொடுக்க அரசு மேலும் கடன்பட வேண்டும். கடன் கொடுப்பாரில்லையேல் பணம் அச்சிட வேண்டும். அச்சிடின் நாணயம் மேலும் தாழும். கடன் மீட்டல் நிறுத்தமும் வரியுயர்வும் உடன்சேர்ந்தபோதே வட்டியுயர்வு பயன் தந்தது.

இதன் பாரத்தைக் கல்முனைக் கரையோர மக்களும் சுமந்தனர். மருதமுனை நெசவாளர் இறக்குமதி நூலுக்கும் சாயத்துக்கும் டொலர் விலையே கொடுக்கவேண்டியவர். நிந்தவூர் உழவர் போகத் தொடக்கத்திற் கடன்பட்டு அறுவடையில் அடைப்பவர். மத்திய கிழக்கிலிருந்து பணம் பெற்ற குடும்பங்களுக்கு ரூபா கூடிற்று. ஆயின் 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 70 விழுக்காடாயிருந்த பணவீக்கம் அவ்வூதியத்தை விழுங்கிற்று. இவருள் எவரும் அரசின் கடன்முறியிற் கையொப்பமிட்டவரல்லர்.

2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அவ்வங்கி அரசுக்கு நேரே கடன் கொடுப்பதைத் தடுத்தது. 1884இல் இட்ட வேலியை ஒத்த வேலி இது. வேலியே பயிரை மேயாது காத்தல் கற்றோர் கடனாகும்.