உருண்டை உலகமும் நம்ம தங்கவயலும்

நம் பிள்ளைகள் கணினியில் ஆடும் 'சிவிலைசேஷன்' என்ற ஆட்டத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1991இல் முதலில் வெளிவந்தது. மாறி மாறிக் காய் நகர்த்தி நாட்டை வளர்க்க வேண்டும். நம் சதுரங்கத்துக்குப் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்களேன். தரை முழுக்கக் கட்டங்கள். ஒன்றில் ஆறு, ஒன்றில் காடு, ஒன்றில் தங்கம்! ஆனால் அந்த உலகம் உருண்டை அல்ல, பீப்பாய். கிழக்கே போனால் மேற்கே வந்துவிடலாம். வடக்கே போனால் சுவரில் முட்டியதுபோல் நிற்க வேண்டியதுதான்.

நிஜ உருண்டையாகவே செய்தால் என்ன? அங்கேதான் கணிதம் குறுக்கே நிற்கிறது. அறுகோணக் கட்டங்களை மட்டும் வைத்து உருண்டையை மூடவே முடியாது. 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லரின் விதிப்படி, மூலைக்கு மூன்று கட்டமாகச் சேர்த்துக்கொண்டே போனால், அறுகோணங்கள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் இடையில் 12 ஐங்கோணங்கள் வந்தே தீரும். பழைய கால்பந்தின் கறுப்புத் துண்டுகளை எண்ணிப் பாருங்கள், சரியாக 12. ஆட்டத்தை வடிவமைப்பவர்கள் இவற்றைக் கடலிலோ துருவத்திலோ ஒளித்துவிடப் பார்ப்பார்கள்.

உருண்டையைத் தட்டையாக்கும் இந்தப் பாடு நம்ம ஊருக்குப் புதிதல்ல. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு, மைசூர் எல்லையை அளக்கும் பணியில் 1802இல் கோலார்ப் பக்கம் வந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். உரிகம், மாரிக்குப்பம் பகுதி மக்கள் மண்ணை அலசித் தங்கத்தைக் காட்டினார்கள். நாம் படிக்கும் நூல்களில் வாரனின் பெயர் நிற்கிறது. அலசிய கைகளின் பெயர் இல்லை.

அதே 1802இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தம் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். வாரன் அவருக்கு உதவியாளர். 1804இல் பெங்களூர் அடிக்கோட்டை அளந்தவர். தாளில் வரைந்த முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை. நிலத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடும். ஏறக்குறைய 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. அதைக் கழித்த பிறகுதான் வரைபடமே.

பூமிக்கு அடியிலும் இந்தக் கதைதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். தரையில் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு தூக்குக்குண்டுகளை அவ்வளவு ஆழத்துக்கு இறக்குவதாக நினைத்துப் பாருங்கள். இரண்டும் பூமியின் மையத்தையே நோக்குவதால், அடியில் சுமார் அரை மீட்டர் நெருங்கிவிடும்! நம் பாட்டன்மார் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளும் உருண்டைக்குள்தான் இறங்கினார்கள்.

தட்டையாக்கினால் ஏதோ ஓர் இடம் கோணலாகத்தான் செய்யும். அதை எங்கே ஒளிப்பது என்பது வரைபவர் கையில் இருக்கிறது. தங்கவயலில் பிறந்து வெளியூரில் பிழைக்கும் எனக்கு, நம்ம ஊரும் அப்படி மறைக்கப்பட்ட கட்டமோ என்று தோன்றுவதுண்டு. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போனதும் கட்டம் காலி என்பது ஆட்டத்தின் கணக்கு. ஊரில் மக்கள் இருக்கிறார்களே! விடிவதற்குள் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்களே!

ஆகவே, அன்பர்களே, உங்கள் தாத்தா எந்த லைனில் குடியிருந்தார், எந்த ஷாப்டில் இறங்கினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நாளை நம் பிள்ளை ஒருவன் உருண்டை உலகம் செய்தால், தங்கவயல் கட்டத்தில் ஆள் பெயரும் இருக்கட்டும்.