பச்சைப் புல்லுக்கு என்ன விலை?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடை. தரையில் விரித்த வெள்ளை மெத்தையின் ஒரு பக்கம் பெண் வீட்டார், இன்னொரு பக்கம் பிள்ளை வீட்டார். நடுவில் மாம்பழக் கலரும் அரக்குமாய் முகூர்த்தப் புடவைகள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. மாப்பிள்ளைப் பையன் மட்டும் ஓரமாக உட்கார்ந்து செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். பத்திரிகைக்காரன் புத்தி!

மலை, மேகம், நடுவில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி ஒரு கோல்ஃப் மைதானம். 'தம்பதிகளுக்கான ஸ்பெஷல் பேக்கேஜ்' என்று விளம்பரம். மூன்று ரிசார்ட்டுகளில் எது நல்லது என்று என்னிடமே கேட்டான்.

“தம்பிக்கு கோல்ஃப் ஆடத் தெரியுமா?”

“தெரியாது சார். ஆனா பாருங்க, எவ்ளோ பச்சையா இருக்கு!”

நியாயமான பதில். ஆனால் புதுசாகக் கல்யாணமான ஜோடிக்கும், மலைக்கும், குச்சியால் பந்தைத் தட்டுகிற ஓர் ஆட்டத்துக்கும் முடிச்சுப் போட்டது யார்? பையனுக்கு அன்றைக்கு அவசரம், சொல்ல முடியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

கோல்ஃப் ஸ்காட்லாந்துக்காரர்களின் ஆட்டம். கும்பினி உத்தியோகத்துக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் கப்பலில் அதையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 1829-லேயே கல்கத்தாவில் கோல்ஃப் கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். பிரிட்டனுக்கு வெளியே அதுதான் முதல். சென்னைக்காரர்களும் பிற்பாடு கிண்டியில், குதிரைப் பந்தய மைதானத்துக்கு உள்ளேயே ஆடினார்கள். ஆனால் சித்திரை வெயிலில் கிண்டியில் என்ன ஆட்டம் ஆட முடியும்? ஆட்டத்தை விடுங்கள், உயிரோடு இருப்பதே பெரும்பாடு. காலராவும் காய்ச்சலும் வெள்ளைக்காரர்களை வாரிக்கொண்டு போன காலம் அது. மலை அவர்களுக்கு முதலில் உல்லாசம் இல்லை, ஆஸ்பத்திரி.

அந்த மலை ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் போட்டதும் ஒரு தம்பதிதான்.

ஜான் சல்லிவன், கோயமுத்தூர் கலெக்டர். 1819-ல் நீலகிரி ஏறினார். குளிர்ந்த காற்று ஆளை அப்படியே பிடித்துக்கொண்டது. முதலில் கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களா. அப்புறம் 1822-ல் ஊட்டியில் 'ஸ்டோன் ஹவுஸ்' கட்ட ஆரம்பித்தார். ஊர்க்காரர்கள் வாயில் அது 'கல் பங்களா'. அந்த வீட்டில் குடியிருக்க வந்தார் அவருடைய மனைவி ஹென்ரியட்டா. ஊட்டியில் குடித்தனம் நடத்திய முதல் ஐரோப்பியப் பெண்மணி அவர்தான் என்பார்கள். கல்யாணமாகிச் சில வருஷங்களே ஆன பெண், கடை கண்ணி எதுவும் இல்லாத ஒரு மலை உச்சியில் குடும்பம் நடத்தியிருக்கிறார். ரயில் கிடையாது, மோட்டார் கிடையாது. கோத்தகிரி வழியாக ஒரு பாதையை அப்போதுதான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சல்லிவன் ஏரி வெட்டினார், உருளைக்கிழங்கு போட்டார், கோஸ் போட்டார். இன்றைக்கு நம் வீட்டு சாம்பாரில் மிதக்கிற 'இங்கிலீஷ் காய்கறி'யின் பூர்வீகம் அங்கேதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். பி.காம். படித்தவனுக்குக் கை அரிக்கும் இடம் இது. சல்லிவன் அந்த நிலத்தைத் தோடர்களிடமிருந்து என்ன விலைக்கு வாங்கினார் தெரியுமா? ஏக்கர் ஒரு ரூபாய்!

உடனே 'கொள்ளைக்காரன்' என்று பேனாவை எடுத்துவிடாதீர்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. அந்த மலைப் புல்வெளி முழுக்கத் தோடர்களின் சொத்து, எடுத்துக்கொண்டால் அவர்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டியதும் இதே சல்லிவன்தான். கவர்னர் லஷிங்டனுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். கடைசியில் சல்லிவன் கட்சி தோற்றது. தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை மட்டும்தான், நிலத்தின் சொந்தக்காரர்கள் அல்ல என்று அரசாங்கம் முடிவு கட்டிவிட்டது. எருமைகளை மேய்த்துக்கொண்டு, அந்த எருமைப் பாலையே தெய்வமாகக் கொண்டாடிய மக்கள். அவர்களுக்குப் புல் என்பது கோயில் நிலம் மாதிரி. நம்ம வரதராஜப் பெருமாள் கோயில் நிலத்தை ஒருவர் வந்து, 'நீங்கள் சாமி கும்பிட்டுக்கொள்ளலாம், ஆனால் இடம் உங்களுடையதில்லை' என்று சொன்னால் எப்படி இருக்கும்?

ஹென்ரியட்டாவின் கதை சோகமாக முடிந்தது. 1838-ல் ஊட்டியிலேயே அவர் இறந்துபோனார். அதே வருஷம் மகளும் போனாள். புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் இருக்கிறார்கள். அந்தத் தேவாலயத்துக்கு மரம் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையைப் பிரித்து, உத்தரங்களை மலை ஏற்றினார்கள். சல்லிவன் 1841-ல் இந்தியாவை விட்டே புறப்பட்டுவிட்டார். கல் பங்களா மிச்சம். இப்போது அது ஊட்டி அரசு கலைக் கல்லூரியின் வசம் இருக்கிறது.

இன்னொரு ஜோடியையும் சொல்லிவிடுகிறேன். கவர்னர் தாமஸ் மன்றோ 1826-ல் ஊட்டிக்குப் போனார். சல்லிவன் வீட்டில்தான் தங்கல். ஆனால் தனியாக! மகனுக்கு உடம்பு சரியில்லை என்று மனைவி ஜேன் அந்த வருஷம்தான் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியிருந்தார். குளிரையும் மலையையும் வர்ணித்து அவருக்கு மன்றோ எழுதிய கடிதம் பிற்பாடு அச்சிலும் வந்தது. அடுத்த வருஷமே மன்றோ காலராவில் போய்விட்டார். மலைக்கு ஜோடியாகப் போவது ஒரு கொடுப்பினை என்பது கவர்னருக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

அப்புறம்தான் மலை, ஆஸ்பத்திரி வேஷத்தைக் கலைத்துவிட்டு உல்லாச வேஷம் கட்டியது. சென்னை ராஜதானியின் மொத்த சர்க்காரும் ஃபைல் கட்டுகளோடு வருஷத்தில் பல மாதங்கள் ஊட்டியில் போய் உட்கார்ந்தது. கூடவே கிளப், பந்தயம், வேட்டை எல்லாம் வந்தன. இங்கிலாந்தில் நரி வேட்டை, இங்கே நரி கிடைக்காததால் குள்ளநரி! ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதிகள் எழுதி மாட்டியதும் 1882-ல் ஊட்டி கிளப்பில்தான். 1890-களின் கவர்னர் வென்லாக் பிரபு பெயரில் 'வென்லாக் டவுன்ஸ்' என்று ஒரு புல்வெளியையே அழைத்தார்கள். ஊட்டி ஜிம்கானாவின் கோல்ஃப் மைதானம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கொடைக்கானலில் 1895-லேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. அப்போது அங்கே மோட்டார் ரோடு கூடக் கிடையாது. துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். முதலில் கோல்ஃப், பிறகுதான் ரோடு! முன்னுரிமை என்றால் இதுதான்.

மலை கோல்ஃபுக்குக் காதல் சாயம் பூசியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், என் ஓட்டு வைஸ்ராய் கர்சனுக்கு. சிம்லாவுக்குப் பக்கத்தில் நால்டேரா என்று ஓர் இடம், தேவதாரு மரங்களுக்கு நடுவே புல்வெளி. கர்சனும் அவருடைய அமெரிக்க மனைவி மேரியும் அந்த இடத்தில் சொக்கிப்போனார்கள். 1904-ல் பிறந்த மகளுக்கு 'அலெக்ஸாண்ட்ரா நால்டேரா' என்றே பெயர் வைத்தார்கள். அங்கே இன்றும் கோல்ஃப் மைதானம் உண்டு. நம் ஊரில் யாராவது பெண்ணுக்கு 'கொடைக்கானல்' என்று பெயர் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நமக்கு இந்த ஆசை எப்போது தொற்றியது? சினிமாவுக்கு நிச்சயம் பங்கு உண்டு. 1961-ல் ஸ்ரீதர் 'தேன் நிலவு' படத்தைக் காஷ்மீருக்கே போய் எடுத்தார். செங்கல்பட்டுச் சீமைக்காரர்! அதற்கு முந்தைய தலைமுறையில் புது ஜோடி என்றால் மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில். கூடவே பத்து உறவுக்காரர்கள். தனியாக விட்டால்தானே தேனிலவு?

சரி, பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். எந்த ரிசார்ட்?

முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பச்சை யாருடையது என்பதை. தமிழ்நாட்டு மலைகளில் பெயர்பெற்ற கோல்ஃப் மைதானங்களை வைத்திருப்பவை பழைய கிளப்புகள்: ஊட்டி, கொடைக்கானல், வெலிங்டன். ரிசார்ட் படத்தில் தெரிகிற புல்வெளி பக்கத்து கிளப்பின் புல்வெளியாக இருக்கலாம். ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், கால் வைக்க முடியாது! வெளியாளை அனுமதிப்பார்களா, ஒரு ஆட்டத்துக்கு என்ன கட்டணம், குச்சி வாடகைக்குக் கிடைக்குமா என்பதை கிளப்புக்கே போன் போட்டுக் கேட்டுவிடுவது உத்தமம்.

அடுத்து, முகூர்த்த மாதம். தையில் கல்யாணம் என்றால் ஊட்டியில் உறைபனிக் காலம். காலையில் புல் பச்சையாக இருக்காது, உப்புக் கொட்டின மாதிரி வெள்ளையாக இருக்கும். ஆவணியில் என்றால் நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை விடைபெற்றிருக்காது. பங்குனி, சித்திரை சுகம்தான், ஆனால் ஊரே அங்கே வந்துவிடும். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்ததே, அதற்குக் காரணம் இந்தக் கூட்டம்தான். கொடைக்கானல் மைதானத்தில் காட்டெருமைகள் சர்வசாதாரணமாக மேயும். பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்கிற வீரம் புது மாப்பிள்ளைக்கு வேண்டாம்.

விலைப் பட்டியலைப் பார்க்கும்போது இன்னொரு கணக்கையும் நினைத்துக்கொள்ளலாம். கிண்டிப் பந்தய மைதானம் 160 ஏக்கருக்கு, 1940-களில் போட்ட குத்தகையில் வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம். 2024-ல்தான் அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்தது. ஊட்டிப் பந்தய மைதானத்தையும் அதே ஆண்டு திரும்ப எடுத்துக்கொண்டது. ஏக்கர் ஒரு ரூபாய், 160 ஏக்கர் 614 ரூபாய்... புல் நமக்கு விற்கப்படும்போது மட்டும்தான் விலை ஏறுகிறது.

ஊட்டிக்குப் போனால் தோடர் சால்வை ஒன்று வாங்குங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, நூலை எண்ணி எண்ணிப் பெண்கள் கையால் போடும் பூ வேலை. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிப் பட்டுக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. மலையில் ஒன்று, தரையில் ஒன்று. தோடர்கள் இன்று மொத்தமே இரண்டாயிரத்துக்கும் குறைவு. அசலா, மெஷின் வேலையா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

அந்த முகூர்த்தப் புடவையை நெய்ததும் பெரும்பாலும் ஒரு ஜோடிதான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார், அந்த அம்மா பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். கோர்வைப் புடவை. கரை வேறு கலர், உடல் வேறு கலர், மூன்று நாடா ஓட வேண்டும். நாள் கணக்கில் ஆகும். தறி நின்றால் கூலி நின்றது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாம். “ரெண்டு பேரும் எங்கயாச்சும் மலைக்குப் போயிருக்கீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“போகாம என்ன? வருஷா வருஷம் போவோமே... பழையசீவரம்!”

அந்த அம்மா சிரித்துவிட்டார்.

செங்கல்பட்டு போகிற வழியில், பாலாற்றங்கரையில் இருக்கிறது பழையசீவரம். சின்ன மலைதான். ஒவ்வொரு வருஷமும் மாட்டுப் பொங்கலன்று வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காக அங்கே போகிறார். வழியெல்லாம் ஊர் ஊராக மண்டகப்படி. மலை ஏறி, இறங்கி, அப்புறம் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் திருமுக்கூடலுக்கு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்குள்ள கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினைந்து படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரி அங்கே நடந்ததைச் சொல்கிறது, வைத்தியர் முதல் மருந்து வரை கணக்கு வைத்து. பதினோராம் நூற்றாண்டு. சல்லிவனுக்கு ஏறக்குறைய எழுநூற்றைம்பது வருஷம் முன்னால்.

மாட்டுப் பொங்கலுக்கு அன்று தறி ஓடாது. சாமியோடு ஆற்று மணலில் நடந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைத் திருமுக்கூடலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இருட்டியதும் பஸ் பிடிப்பார்களாம். மறுநாள் காலையில் தறி ஓட ஆரம்பித்துவிடும்.