விஸ்வரூபத்தில் ஒரு கிட்டார்காரர்

1967 டிசம்பர் 1ஆம் தேதி லண்டனில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் குழுவின் இரண்டாவது இசைத்தட்டு வெளிவந்தது. பெயர் 'ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்'. அதன் உறையிலிருந்த படம் என்னவென்று எந்தத் தமிழருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாமியறையிலும், மளிகைக் கடையின் கல்லாப்பெட்டிக்கு மேலேயும் ஊதுபத்திப் புகையேறித் தொங்குமே, அதே விஸ்வரூபம். பல தலைகள், பல கைகள், சுற்றிலும் தேவர் கூட்டம். முகங்கள்தான் வேறு. நடுவில் ஹென்ட்ரிக்ஸ். இரு பக்கமும் பேஸ் கிட்டார் வாசித்த நோயல் ரெடிங், டிரம்ஸ் வாசித்த மிட்ச் மிட்செல்.

'விராட் புருஷன் – விஷ்ணுரூபம்' என்று அறியப்படும், மலிவாக அச்சாகி விற்ற ஒரு பக்திப் படம் இதற்கு அடிப்படை. கார்ல் ஃபெரிஸ் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து மூவரின் முகங்களையும் ரோஜர் லா வரைந்தார். அவை சாமிப்படத்தின்மேல் ஏற்றப்பட்டன. வடிவமைப்பில் அவருடன் இருந்தவர் டேவிட் கிங். அதே மாதம் அதே டிராக் நிறுவனம் வெளியிட்ட 'த ஹூ' குழுவின் தட்டுக்கும் இவர்கள் இருவருமே உறை செய்தார்கள். அதில் பாடகர் ரோஜர் டால்ட்ரி தகர டப்பாவில் விற்கும் அவித்த பயற்றங்காய்க் குழம்பு நிறைந்த தொட்டியில் உட்கார்ந்திருப்பார். இரண்டு உறைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். அவர்கள் கண்ணுக்கு விளம்பரமும் விஷ்ணுவும் ஒரே ரகம்: பளிச்சென்று நிறம் ஏற்றிய, எடுத்து விளையாடத் தோதான அச்சுப்படம். நிந்திக்கும் எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு எதிரே வணங்குகிறவர் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

ஹென்ட்ரிக்ஸுக்கே இந்த உறை பிடிக்கவில்லை. செரோக்கி வழிவந்த குடும்பம் தம்முடையது என்று சொல்லிக்கொண்டவர் அவர். 'இந்தியன்' என்று ஏதாவது காட்டுவதானால் அமெரிக்கப் பூர்வகுடி மரபையல்லவா காட்டியிருக்க வேண்டும் என்பது அவர் ஆதங்கம். கொலம்பஸின் பழைய குழப்பம் ஒரு பாட்டுத்தட்டின் மேல் மறுபடி வந்து குந்திக்கொண்டது. தமிழில் நாம் 'செவ்விந்தியர்' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். ஆங்கிலத்துக்கு ஒரே சொல்.

ஆறு மாதம் முன்னர் நடந்ததையும் இங்கே பார்க்க வேண்டும். பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' உறைக்காகப் பீட்டர் பிளேக்கும் ஜேன் ஹாவர்த்தும் ஒரு பெருங்கூட்டத்தை அடுக்கினார்கள். ஜார்ஜ் ஹாரிசன் விருப்பப்படி யோகானந்தர் உட்பட நான்கு இந்திய குருமார் அதில் இடம் பிடித்தார்கள். முன்வரிசையில் ஒரு சின்ன லட்சுமி பொம்மையும் இருந்தது. காந்தியும் இருந்தார், இஎம்ஐ தலைவர் ஜோசப் லாக்வுட் அவரை எடுக்கச் சொன்னார். அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் பெரிய சந்தை. கல்கத்தாவுக்கு அருகே டம்டமில் தட்டு அச்சிடும் ஆலையே இருந்தது. இந்தியர் மனம் புண்பட்டால் வியாபாரம் கெடும் என்ற பயம். ஆக, காந்தியைக் காப்பாற்றியது பக்தி அல்ல, கணக்குப் புத்தகம்.

விஷ்ணுவுக்கு அப்படிக் கணக்குப் பார்க்க ஆளில்லை. சவுத்ஹாலில் இந்தியக் குடும்பங்கள் குடியேறியிருந்தன. ஆனால் ராக் தட்டு விற்பவர்கள் அவர்களை வாடிக்கையாளர்களாக எண்ணியதில்லை. இந்தத் தட்டு கடைக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், 1968 ஏப்ரல் 20 அன்று, பர்மிங்ஹாமில் இனோக் பவல் குடியேறிகளுக்கு எதிரான தன் பேர்போன உரையை ஆற்றினார். கடவுளின் படத்துக்கு இருந்த வரவேற்பு அதைக் கும்பிடுகிறவர்களுக்கு இருக்கவில்லை.

முப்பது வருடம் கழித்து நிலைமை வேறு. 1997இல் ஏரோஸ்மித் குழுவின் 'நைன் லைவ்ஸ்' வந்தபோது அதன் உறையில் காளிங்கன்மேல் ஆடும் கண்ணன் பூனைத்தலையோடு இருந்தான். 1965இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்த தலைமுறை அதற்குள் கோயில்களும் சங்கங்களும் கட்டிப் பிள்ளைகளையும் வளர்த்து முடித்திருந்தது. இந்துக்களின் எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் வேறு உறை போட்டது. கடவுளர் மாறவில்லை. கடைக்குள் நின்று பார்ப்பவர்கள் மாறியிருந்தார்கள்.

ஹென்ட்ரிக்ஸின் உறைக்குத் தடை வந்தது 2014இல், மலேசியாவில். உள்துறை அமைச்சின் உத்தரவு. அந்நாட்டு இந்துக்களில் பெரும்பான்மையோர் தமிழர். தோட்டத்துக் கோயில்கள் இடிபடுவதைக் கண்டு 2007இல் வீதிக்கு வந்தவர்கள். அந்த அனுபவத்தோடு பார்ப்பவரிடம் 'இது வெறும் பாட்டுத்தட்டுத்தானே' என்று லேசாகச் சொல்லிவிட என்னால் முடியாது. ஆனாலும் தடையோடு எனக்கு உடன்பாடில்லை. இடிந்த கோயிலுக்கு எழுப்பத் தயங்கும் குரலை, 47 வயதான ஓர் உறைக்கு எழுப்புவது அரசுக்கு மிகச் சுலபம்.

முகத்தை ஒட்டுவதே அபசாரம் என்ற வாதமும் நம் படமரபோடு ஒட்டவில்லை. ராஜஸ்தானின் நாத்துவாராவில், கும்பிட வந்தவரின் புகைப்பட முகத்தை வெட்டி, ஸ்ரீநாத்ஜிக்குப் பக்கத்தில் ஒட்டி, மீதியை ஓவியமாக வரைந்து கொடுத்தார்கள். ஆனால் அங்கே மனித முகம் பக்தரின் இடத்தில் நிற்கும், கடவுளின் இடத்தில் அல்ல. பெற்றோருக்கு உறுத்துவது அந்தச் சிறு இடமாற்றம். சாமியறையிலும் சரி, தன் அறைச் சுவரிலும் சரி, ஒரே படம் தொங்கலாம் என்று நினைக்கும் மகளுக்கு அது உறுத்துவதில்லை. எல்லா முகமும் அடங்கியதுதான் விஸ்வரூபம் என்றால் இந்த முகம் மட்டும் எப்படி வெளியே போகும் என்று அவள் கேட்டால், கீதையின் பதினோராம் அத்தியாயம் படித்த அப்பாவுக்கும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

என்னை உறுத்துவது வேறு. ரோஜர் லா பிற்பாடு 'ஸ்பிட்டிங் இமேஜ்' பொம்மைகளால் பிரித்தானியத் தொலைக்காட்சியில் பெரும்புகழ் பெற்றார். டேவிட் கிங்கின் சோவியத் படத்தொகுப்பு அருங்காட்சியகம் சேர்ந்தது. ஃபெரிஸின் பெயரும் ராக் வரலாறுகளில் நிற்கிறது. அந்த உறையில் கைகளையும் கிரீடங்களையும் தேவர்களையும், அதாவது முகம் மூன்று நீங்கலாக ஏறக்குறைய எல்லாவற்றையும், வரைந்த ஓவியரின் பெயர் தட்டின் நன்றிப் பட்டியலில் இல்லை. 2014இல் எழுந்த புகாரும் அவரைப் பற்றியது அல்ல.